செந்நாய்க்காக நாய்க்கு ஊசி: வீணாய்ப் போன இரண்டு பயணமும் மூன்றாவதும்

மசினகுடிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் நாய்களுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போடும் குழுவோடு போய் வந்தேன். டிஸ்டெம்பர் நாய்களுக்கு வரும் வைரஸ் நோய். ஊர் நாயிடமிருந்து காட்டிலுள்ள செந்நாய்க்கும் தொற்றும். முதல் சுற்று முடிந்துவிட்டது. ஆனால் வீணாய்ப் போன இரண்டு நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மருந்து கேட்டுக் கொடுத்த எங்கள் கடிதத்தில் ‘நாய்த் தடுப்பூசி’ என்று மட்டும் எழுதியிருந்தோம். மருந்து வாங்கிய அலுவலகத்தில் பெட்டியை ஒட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போய்த் திறந்தால் அத்தனையும் வெறிநோய் ஊசி. அதிலும் பாதி, ஐஸ்கட்டியை ஒட்டி வைத்ததால் உறைந்திருந்தது. உறைந்துவிட்டால் அதைப் போடக்கூடாது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு எழுத்தர், “நாய் ஊசின்னா இதுதான சார்” என்றார்.

வெறிநோய் ஊசியும் வேண்டியதுதான். ஆனால் செந்நாய் அழிந்துவரும் இனம். கூட்டமாக வாழ்ந்து ஒரே இரையை முகத்தோடு முகம் உரசித் தின்னும். டிஸ்டெம்பர் மூச்சிலும் சளியிலும் பரவும் நோய். 2018 செப்டம்பரில் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் செத்தபோது பலவற்றில் இந்த வைரஸ் இருந்தது. இதையெல்லாம் அந்த மேசை முன்னால் நின்று சொன்னேன். மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதி வேறு கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். நீங்களாவது முதலிலேயே பெயரை எழுதிவிடுங்கள். பெட்டியை அங்கேயே திறந்து பாருங்கள்.

அடுத்த முறை சரியான மருந்தோடு காலை பத்து மணிக்குப் போனோம். ஊரில் நாயே இல்லை. எல்லாம் மாட்டோடு மேய்ச்சலுக்குப் போய்விட்டன. காட்டுக்குள் போகும் அந்த நாய்களுக்குத்தான் ஊசி முதலில் வேண்டும்.

மூன்றாவது முறை ஆறு மணிக்கே பட்டி வாசலில் நின்றோம். ஊசி போட்டால் நாய் மந்தமாகிவிடும், சிறுத்தை வந்தால் குரைக்காது என்று பலர் தயங்கினார்கள். ஒரு பெரியவர்தான் பேச்சை மாற்றினார். 1968-ல் வெக்கை நோய் வந்தபோது அவர் சின்னப் பையனாம். “ஓடையோரம் காட்டெருமை செத்துக் கெடந்தத நான் பாத்திருக்கேன் தம்பி. மாட்டு நோய்தான் அது” என்று சொல்லி, தன் மூன்று நாய்களையும் முதல் ஆளாகப் பிடித்துக் கொடுத்தார். அந்த மாட்டு நோயை ஊசி போட்டே உலகத்திலிருந்து ஒழித்தார்கள், 2011-ல் அறிவித்தார்கள் என்று எங்கள் கால்நடை மருத்துவர் அவரிடம் சொன்னார். அப்புறம் வரிசை நின்றது.

டிஸ்டெம்பர் மருந்துத் தூளை முன்கூட்டியே கரைத்து வைக்காதீர்கள். நாயைப் பிடித்த பிறகு கரைத்தால் போதும். ஊசி போட்ட நாய்க்குச் சாயப்பொட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒரே நாய் இரண்டு முறை வரும்.

ஒரு கறுப்பு நாய் மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. சாயங்காலம் நாங்கள் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெரியவரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசிக் குப்பி அதற்குத்தான். குட்டிகளுக்கு அடுத்த ஊசி நான்கு வாரத்தில். தேதியைப் பட்டிக் கதவில் கரியால் எழுதிவிட்டு வந்தோம்.