மேசைமேல் ஒரு பொருள்: சேலத்தில் உறுப்பினர்களே பேசும் மாதக் கூட்டம்

மாதம் ஒரு ஞாயிறு, மாலை 5 மணி. சங்க உறுப்பினர் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சேலம் மாவட்டத் தொழில் வளம்' என்று தலைப்பு வைத்தால் பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை போனை எடுத்துவிடும். அதே ஆள் ஒரு கொலுசையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வருவார்கள். அதனால் இப்போது ஒரே விதி: பேசுபவர் மேசைமேல் வைக்க ஒரு பொருளாவது கொண்டுவர வேண்டும், அதை வைத்து எல்லார் கண்ணெதிரே எதையாவது செய்து காட்ட வேண்டும். உரை 25 நிமிடம், கேள்வி நேரம் 20 நிமிடம். அப்படி நடந்த உரைகளில் எது எப்படிச் செய்யப்பட்டது, எங்கே சறுக்கும் என்பதற்கான குறிப்பு இது.

தலைப்பைச் சுருக்குவதில்தான் பாதி வேலை. 'வெள்ளித் தொழில்' உரைக்கு ஆகாது. 'இந்தக் கொலுசு வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி' என்றால் ஆகும். 'சேலத்துக் கனிமங்கள்' ஆகாது. 'மூன்று வெள்ளைக் கற்கள், எது மேக்னசைட்?' ஆகும். பேசுபவரிடம் தலைப்பைக் கேட்காமல், "என்ன கொண்டு வருவீங்க?" என்று கேட்டாலே தலைப்பு தானாகச் சுருங்கிவிடுகிறது.

கொலுசு உரை

வெள்ளி வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் இருக்கிற ஊரில் இதற்குக் கூட்டம் சேராமல் இருக்காது. வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டுகிற, 500 கிராம் தாங்குகிற சின்ன டிஜிட்டல் தராசு, பாதி தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் டம்ளர், தையல் நூல், டம்ளருக்கு மேல் குறுக்கே நிற்க ஒரு பென்சில், பென்சிலைத் தாங்க இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு. சமையலறைத் தராசு 1 கிராம் கணக்கில் காட்டும், இதற்கு உதவாது.

முதலில் பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். பொருளை நூலில் கட்டி, பென்சிலில் தொங்கவிட்டு, முழுக்க நீரில் மூழ்கும்படி இறக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49. செம்பு கலந்த 92.5 வெள்ளிக்கு (நூற்றில் 92.5 பங்கு வெள்ளி) 10.36 அளவில் வரும். 50 கிராம் தூய வெள்ளிக் கட்டி நீரில் 4.77 காட்டும், 92.5 என்றால் 4.83. வெள்ளி துளியும் இல்லாத ஜெர்மன் சில்வர் பொருள் 5.8 பக்கம் போய்விடும். எண் ஏறுவதைப் பார்த்ததுமே கூட்டத்தில் சலசலப்பு வந்துவிடும்.

சறுக்கும் இடம் மூன்று. பொருள் அடியில் தொட்டால் அதன் எடையில் ஒரு பகுதி நேராகத் தராசில் இறங்கி, எண் கூடி, நல்ல வெள்ளியும் போலியாகத் தெரியும். இதுதான் அடிக்கடி நடப்பது. அடுத்தது காற்றுக் குமிழி. சங்கிலிக் கண்ணிகளுக்கிடையே குமிழி ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பொருளை நீருக்குள் நாலு தடவை ஆட்டினால் போகும். மூன்றாவது சலங்கை. உள்ளே கூடாக இருக்கும் முத்து காற்றை அடைத்து வைத்திருக்கும், என்ன ஆட்டினாலும் கணக்கு தப்பும். ஆகவே சலங்கை வைத்த கொலுசைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. தட்டையான பட்டைக் கொலுசு, கெட்டி மெட்டி, வெள்ளிக் காசு இவை சரி. மெட்டி இரண்டு மூன்று கிராம்தான் என்றால் நாலைந்தைச் சேர்த்துக் கட்ட வேண்டும். எடை குறையக் குறையத் தராசின் பிழை பெரிதாகும்.

கேள்வி நேரத்தில் தவறாமல் வருவது: "சார், அப்போ என்னோடது எத்தனை டச்?" டச் என்பது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. இந்தச் சோதனை அதைச் சொல்லாது. செம்பு மட்டும் கலந்திருந்தால் 80 டச்சுக்கு 10.1 என்று கணக்குப் போடலாம். துத்தநாகம் முதலானவை சேர்ந்திருந்தாலோ, பற்றவைப்பு அதிகம் இருந்தாலோ அந்தக் கணக்கு நிற்காது. வெள்ளியா, வேறு உலோகமா என்பதை மட்டும் இது தெளிவாகப் பிரிக்கும். பேசுபவர் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் நகைக்கடையில் சண்டை. நைட்ரிக் அமிலம் கொண்டுவந்து காட்டலாமா என்று ஒருவர் கேட்பார். மூடிய ஹாலில் வேண்டவே வேண்டாம்.

மூன்று வெள்ளைக் கற்கள்

மாமாங்கம், கருப்பூர் பக்கம் போனவர்களுக்கு அந்த வெள்ளை மண் தெரியும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து சுண்ணாம்புக் குன்று என்ற பொருளில் பெயர் வழங்கினாலும் அங்கே இருப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதை 1500 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பதை வைத்துத்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள்.

மேசையில் மூன்று கல்: மேக்னசைட், சுண்ணாம்புக்கல், வெண்கல்லான குவார்ட்ஸ். பார்வைக்கு மூன்றும் வெள்ளை. கண்ணாடித் துண்டில் கீறினால் குவார்ட்ஸ் கோடு போடும், மற்ற இரண்டும் போடாது. மீதி இரண்டின்மேலும் வெள்ளை வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மேக்னசைட் கம்மென்று இருக்கும். வினிகர் நுரை ரொம்பச் சன்னமாக வரும், மூன்றாவது வரிசைக்குத் தெரியாது. கல்லை ஆணியால் சுரண்டி அந்தப் பொடியின்மேல் விட்டால் நன்றாகப் பொங்கும். கீறும் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்துத்தான் கீற வேண்டும், கையில் பிடித்துக் கீறினால் உடையும்போது விரல் போகும். கல் வேண்டும் என்று சுரங்கப் பகுதிக்குள் நுழையக் கூடாது. கற்களின் அடியில் எண் எழுதி ஒட்டுவது நல்லது, கைமாறிக் கைமாறிப் போய்த் திரும்பி வரும்போது எது எது என்று பேசுபவருக்கே தெரியாது.

ஹால், மைக், திரை

மேசைமேல் நடப்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் இத்தனையும் வீண். முப்பது பேர் வரை என்றால் நாற்காலிகளை ப வடிவில் இரண்டு வரிசை போட்டு, மேசையைத் திறந்த பக்கத்தில் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் மொபைலை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, மேசையை மேலிருந்து பார்க்கும்படி வைத்து டிவியில் காட்டலாம். வயர் இல்லாமல் காட்டினால் படம் ஓரிரு நொடி பின்தங்கும், பேச்சும் கையும் ஒட்டாது. ஒயர் போட்டு இணைப்பதே மேல். அந்த மொபைலை ஏரோபிளேன் மோடில் போட மறந்தால் சோதனை நடுவே யாராவது கூப்பிட்டு அவர் பெயர் டிவி முழுக்கத் தெரியும்.

மைக் ஊளையிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஸ்பீக்கர் பேசுபவருக்குப் பின்னால் இருக்கும். அதில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றும். ஸ்பீக்கர் இரண்டையும் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைத்தால் நிற்கும். சேலத்து ஏப்ரல் மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது, ஆனால் பேசுபவர் தலைக்கு மேலே உள்ளதை மட்டும் நிறுத்தலாம். காலர் மைக்கில் காற்று இரைச்சல் ஏறுவது அதில்தான். 0.01 கிராம் தராசும் அந்தக் காற்றில் ஒரு இடத்தில் நிற்காது.

படவில்லை காட்டுபவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்திருந்தால் வேறு மடிக்கணினியில் திறந்ததும் எல்லாம் கிறுக்கலாகிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவரச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. பத்து வில்லைக்கு மேல் வேண்டாம்.

கேள்விக்குத் துண்டுச் சீட்டு. மைக்கைக் கையில் கொடுத்தால் நாலு பேர்தான் பேசுவார்கள், அதில் இரண்டு பேர் கேள்வியே கேட்க மாட்டார்கள், தங்கள் உரையைத் தொடங்கிவிடுவார்கள். சீட்டு என்றால் எழுந்து பேசத் தயங்குபவர்களிடமிருந்தும் கேள்வி வருகிறது. நல்ல கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான். சிற்றுண்டியான தட்டுவடை செட்டைக் கொடுப்பது, உரை முடிந்த பிறகுதான். முன்னால் கொடுத்தால் நொறுக்கும் சத்தமும் சட்னிக் கையும் சேர்ந்து கூட்டத்தைக் கெடுக்கும்.

ஜவ்வரிசி

மரவள்ளி உரைக்கு நேரம்தான் எதிரி. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரோடு மிக்சியில் அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினால் பால் கிடைக்கும். மாவு அடியில் படிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே ஒரு பாத்திரம் மதியமே தயாராகிப் படிந்திருக்க வேண்டும், இன்னொன்றை மேடையில் அரைத்துக் காட்டலாம். தோலில்தான் சயனைடு தரும் பொருள் அதிகம். அதனால் இளஞ்சிவப்பு உள்தோலும் சேர்த்து நீக்க வேண்டும்.

படிந்த மாவை ஈரம் இருக்கும்போதே சல்லடையில் தேய்த்து, துணியில் போட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் குருணை உருண்டு திரளும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பக்குவம். ஈரம் கூடினால் சூடான தவாவில் ஒரே பசையாக ஒட்டும், குறைந்தால் திரளாமல் பொடியாகவே நிற்கும். தவாவில் எண்ணெய் தொட்டுச் சிறு தீயில் வறுத்து வெயிலில் காய வைத்தால் நாம் பார்க்கிற ஜவ்வரிசி.

மாவுச்சத்தைக் காட்ட மருந்துக்கடை பெட்டாடைனை (அயோடின் உள்ள புண் மருந்து) பத்து மடங்கு நீரில் கலந்து ஒரு சொட்டு விட்டால் கருநீலம் ஆகும். உடனே, "மக்காச்சோள மாவு கலந்திருந்தா இதுல தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியாது. இரண்டும் மாவுச்சத்து, இரண்டும் நீலமாகும். நுண்ணோக்கியில்தான் பிரியும். மரவள்ளித் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டினாற்போல இருக்கும். மக்காச்சோளத் துகளுக்கு மூலை மூலையாகப் பக்கங்கள் இருக்கும். சொட்டு விட்டுப் பார்த்த ஜவ்வரிசியைத் தனியாக எடுத்துக் கொட்டிவிட வேண்டும். யாராவது வாயில் போட்டுவிடுவார்கள்.

ஏற்காட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பது

வருடத்துக்கு ஒரு உரையாவது ஹாலுக்கு வெளியே. இதற்கு வேண்டியது 110 டிகிரி வரை காட்டும் ஆல்கஹால் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு முடிந்துவிடும், கொதிநீரில் விட்டால் உடைந்துவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்கும். சேலத்தில் 99, ஏற்காட்டில் 95 வர வேண்டும்.

நாலு டிகிரி வித்தியாசம்தான் என்பதால் கவனம் வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே வெப்பமானி இருக்க வேண்டும். கடையில் வாங்கும் இரண்டு வெப்பமானிகள் தமக்குள்ளேயே ஒன்றிரண்டு டிகிரி மாறுபடும். புறப்படும் அன்று காலையில் சேலத்தில் ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும். வெப்பமானியின் குமிழ், பாத்திரத்தின் அடியில் படாமல் நீருக்கு நடுவே நிற்க வேண்டும், அடியில் பட்டால் கூடுதலாகக் காட்டும். முதல் குமிழி வந்ததும் எழுதிவிடக் கூடாது. நன்றாகத் தளதளவென்று கொதித்து எண் நகராமல் ஒரு நிமிடம் நின்ற பிறகு எழுத வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு கணக்கைக் கெடுக்காது. ஒரு லிட்டரில் 58 கிராம் போட்டால்தான் ஒரு டிகிரி ஏறும்.

அடுப்பு மூட்ட வனப்பகுதியோ சேர்வராயன் கோயில் திடலோ இடமில்லை. எடுத்த அறையின் சமையலறையே நல்லது, காற்றும் அடிக்காது. மேலே ஏறும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோனால், 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் அது உப்பிவிடும். காற்றழுத்தம் சேலத்தில் 980 மில்லிபார் என்றால் மேலே 850 பக்கம் இறங்கியிருக்கும். கூட வரும் பிள்ளைகளுக்கு வெப்பமானியைவிட இதுதான் பிடிக்கும்.

"அப்போ மேலே குக்கர்ல விசில் கூட விடணுமா?" விசில் வெயிட் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு அழுத்தத்தைக் கூட்டும். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளேயும் அந்த அளவு குறையும். சேலத்துக் குக்கருக்குள் 120 டிகிரி என்றால் ஏற்காட்டில் 118. ஒரு விசில் கூடப் போதும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்து அம்மாபேட்டைப் பக்கம் தறி. குழித்தறியை ஹாலுக்குக் கொண்டுவர முடியாது, ஆகவே கூட்டமே தறிக்குப் போகிறது. பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நிற்க இடமில்லாததால் மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறது. காத்திருக்கும் குழுவுக்கு வெளித் திண்ணையில் நூல் எரிக்கும் சோதனை: பட்டு முடி கருகும் வாடையோடு நொறுங்கும் சாம்பலாகும், பருத்தி காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி முத்தாகும். நூலை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துத்தான் எரிக்க வேண்டும், உருகிச் சொட்டும் பாலியஸ்டர் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூல் பக்கம் தீப்பெட்டி போகவே கூடாது என்று நெசவாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.