மார்கழிப் பனியில் நீராவி எஞ்சின்

வீட்டு வளவில் சின்ன மாதிரி நீராவி ரயில் ஓட்டுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல காலம் என்றால் மார்கழி நடுவிலிருந்து தை கடைசி வரைதான். அதுவும் விடியப்புறம், வெயில் ஏற முன்னர். தண்டவாளம் போன கோடையிலேயே போட்டு முடிந்துவிட்டது, எஞ்சினும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் புகைபோக்கியில் ஆவியே தெரியவில்லை. உண்மையான நீராவிக்கு நிறம் கிடையாது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது, அது குளிர்ந்து உண்டாகிற நுண்ணிய நீர்த்துளிகளைத்தான். 33 பாகை வெயிலில் அந்தத் துளிகள் ஒரு சாண் உயரம் போக முன்னரே காய்ந்துவிடும். மார்கழி விடியலில் இங்கே 22, 23 பாகைதான் இருக்கும், காற்றும் ஈரத்தால் நிறைந்திருக்கும். ஆவி உடனே கலையாமல் வாழைகளுக்கு நடுவே இழுபட்டுப் போகும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

எஞ்சின் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் ஓட்டிப் பழகிவிட்டுத் தந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 45 மில்லிமீற்றர் உள்ள பாதை, செப்புக் கொதிகலன், எரிபொருள் பியூட்டேன் காஸ். காஸ் தாங்கி, எஞ்சினுக்குப் பின்னால் வருகிற டெண்டர் பெட்டிக்குள் இருக்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் வரை ஏறும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் 140 பாகை அளவில் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், சிறிய சாமான் என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது.

மச்சான் அங்கே பனி கொட்டும்போதும் ஓட்டுகிறவன். குளிரில் ஓட்டுகிற முறை எல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுடைய பெரிய தலையிடி காஸ். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. வெளியே மைனஸ் பத்து என்றால் தாங்கிக்குள் காஸ் திரவமாகவே கிடக்கும், பர்னருக்கு ஒன்றும் வராது. அதனால் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்துவிடுகிற புரொப்பேன் கலந்த காஸ் வாங்குகிறார்கள். அதன் அழுத்தம் மிகக் கூட, அதைத் தாங்கக் கட்டிய தாங்கியில்தான் நிரப்பலாம். யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் நமக்கு எதற்கு என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும்.

ஆனால் இங்கேயும் தாங்கி குளிர்கிறது. திரவம் காஸாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும், அதைத் தாங்கியிலிருந்தும் தன்னிடமிருந்துமே அது எடுத்துக்கொள்ளும். நண்பகலில் சுற்றியுள்ள சூடு அதை ஈடுசெய்துவிடும். விடியப்புறத்தில் ஈடுசெய்யாது. கொஞ்ச நேரம் ஓடியதும் பர்னரின் சீறல் தணிந்து, கிணற்றடியில் பாதை மேலே ஏறுகிற இடத்தில் எஞ்சின் தயங்கத் தொடங்கியது. போனில் மச்சானிடம் கேட்டேன். "மச்சான், தாங்கியைத் தொட்டுப் பார். வேர்த்திருக்கும்" என்றான். தொட்டால் சில்லென்றிருந்தது. பித்தளையின் கீழ்ப் பாதியில், உள்ளே திரவம் நிற்கிற மட்டம் வரைக்கும், பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் கோத்திருந்தது. மேல் பாதி காய்ந்தே இருந்தது. காஸ் எவ்வளவு மிச்சம் என்று அந்த ஈரக் கோடே காட்டிவிட்டது.

டெண்டரில் தாங்கியைச் சுற்றி ஒரு தொட்டி உண்டு. மச்சான் அதற்குள் கேத்தலில் சூடாக்கிய தண்ணீரை, கை பொறுக்கிற அளவுக்கு ஆற்றி ஊற்றுவான். கொதிக்கிற தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, தாங்கியின் அழுத்தம் எகிறிவிடும். நான் கேத்தலைத் தேடவே இல்லை. மார்கழியில் விடியக் குளிக்கிற எவருக்கும் தெரியும், கிணற்றுத் தண்ணீர் அந்த நேரத்தில் இளஞ்சூடாக இருக்கும். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 27 பாகை காட்டியது. அப்படியே ஒரு வாளி அள்ளித் தொட்டியை நிரப்பினேன், அவ்வளவுதான். ஆறிப்போனால் இன்னொரு செம்பு. சீறல் கடைசி வரைக்கும் ஒரே சீராக இருந்தது. இந்த முறை நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அதே கிணற்றுத் தண்ணீரைக் கொதிகலனுக்குள் மட்டும் விடக் கூடாது. நம்முடைய நிலம் முழுக்கச் சுண்ணக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவு கொதிகலனிலும் படியும், சின்ன வால்வுகளையும் அடைத்துவிடும். எனக்கு மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் இருக்கிறது. முதல் மழைகள் கூரையைக் கழுவிப் போனபின், வெளியில் துணி கட்டிப் பிடித்து, வடித்துப் போத்தல்களில் வைத்திருக்கிறேன். சின்னக் கொதிகலனுக்கு ஒரு மாரி மழை தாராளம்.

குளிரில் இன்னொரு வேலை, சிலிண்டர்களைச் சூடாக்குவது. முதலில் போகிற ஆவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் இறுகி நிற்கும். வலுவாகத் தள்ளினால் ஏதாவது வளைந்துவிடும். ஆவி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல உருட்ட வேண்டும். புகைபோக்கியால் எண்ணெய் கலந்த வெந்நீர் துப்பும், முகத்தை அதன் மேலே கொண்டுபோகக் கூடாது. கோடையில் நாலு உருட்டில் அடங்குகிற விஷயம், விடியப்புறத்தில் பொறுமையைச் சோதிக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் துப்பல் நின்று, தானாகவே "சுக்" என்று நகரும். அந்தக் கணத்தில் கையை எடுக்க வேண்டியதுதான்.

தண்டவாளத்தில் பனி ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் சக்கரம் வழுக்கும், பழைய சாரத்துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டால் சரி. பித்தளைத் தண்டவாளம் சுருங்குவதையும் இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். வெயிலில் 47, 48 பாகைக்குச் சுட்டுக்கிடக்கிற தண்டவாளம் விடியலில் 22 பாகைக்கு இறங்கினால், பத்து மீற்றருக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் குறையும். கோடையில் போட்ட மூட்டுகள் இப்போது வாய் திறந்திருக்கின்றன. சக்கரம் விழுகிற அளவுக்கு இல்லை, ஆனால் சத்தம் மாறியிருக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். ஓடி முடிந்ததும் மச்சான் கொதிகலனிலும் எண்ணெய்க் கிண்ணத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிடுவான், உறைந்தால் செப்பே பிளந்துவிடும். அந்தக் கவலை மட்டும் நமக்கு இல்லை.

திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற பக்கத்து வீட்டு ஐயா வேலியடியில் நின்று பார்ப்பார். "தம்பி, அந்தக் காலத்துக் கோச்சி மணம் அப்பிடியே இருக்கு" என்றார். சூடான சிலிண்டர் எண்ணெயின் மணம் அது. எனக்கு அந்த நினைவு கிடையாது. 1990 இல் நின்ற ரயில், 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன ஊரில் ரயிலைப் படத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். நம்முடைய மண்ணில், நாமே போட்ட பாதையில் ஒன்று ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து, சிலிண்டர்களுக்கு மெல்லிய தக்கை சுற்றி மேலே பித்தளைத் தகடு போடப் போகிறேன், சூடாவதற்கு எடுக்கிற நேரம் குறையும். பிறகு தெற்குப் பக்கத்தில் கிடுகு மறைப்பு ஒன்று. சோளகம் தொடங்கினால் பர்னர் அணைந்து அணைந்து போகும், அதற்கு முன்னர் கட்டி முடிக்க வேண்டும்.