உயர்ரக டிவிடி பிளேயர்: மெனுவில் மாற்ற வேண்டியவை, மூடியைத் திறந்தால் பார்க்க வேண்டியவை

டெனான் டிவிடி-5910, ஒப்போ டிவி-983எச் வரிசையில் வந்த உயர்ரக டிவிடி பிளேயர்கள் இன்னும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற உயர்தர இசைத் தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இவற்றை விட மனமே வராது. ஆனால் இந்தக் கருவிகளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி கருவியின் குறையே கிடையாது. பாதி தவறான அமைப்பால் வருவது. மீதி, வயதான ஒரு லேசரும் நான்கைந்து கெபாசிட்டர்களும் செய்யும் வேலை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் நல்ல பிளேயரை வீணாகத் தூக்கிப் போடாமல் தப்பிக்கலாம்.

முதலில் படம். டிவிடியில் இருப்பது 720×480 (அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை) அல்லது 720×576 (இந்தியா, ஐரோப்பாவின் பால் முறை) புள்ளிகள் மட்டுமே. பிளேயர் 1080பி என்று காட்டினாலும் புதிதாக விவரம் எதுவும் பிறப்பதில்லை. உயர்ரக பிளேயரின் அருமை அளவைப் பெருக்குவதில் இல்லை, அதற்கு முந்தைய படியான டீஇன்டர்லேசிங்கில், அதாவது ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரு பாதிகளாக (ஃபீல்டுகளாக) வரும் படத்தை முழுச் சட்டமாகச் சேர்ப்பதில் இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 சட்டங்கள். என்டிஎஸ்சி தட்டில் அவை 3:2 என்ற வரிசையில் நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டுகளாக விரிக்கப்படுகின்றன. எந்த ஃபீல்டைத் திரும்பக் காட்ட வேண்டும் என்பதைத் தட்டில் உள்ள கொடிகள், அதாவது ஃபிளாகுகள், சொல்கின்றன. மலிவான பிளேயர் அந்தக் கொடிகளை அப்படியே நம்பிவிடும். கொடி தவறாகப் பதிவாகியிருந்தால் சாய்கோடுகளில் ரம்பப் பல் மாதிரி வெட்டு விழும். முன்னோட்டக் காட்சிகளிலும் தட்டோடு வரும் கூடுதல் படங்களிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். நல்ல பிளேயரில் உள்ள சிப் (ஃபரூட்ஜா, ரியால்ட்டா, ஆங்கர் பே போன்றவை) கொடியை மட்டும் நம்பாமல், ஐந்து ஃபீல்டுக்கு ஒருமுறை அச்சாகத் திரும்பி வரும் ஃபீல்டைத் தானே தேடிப் பிடித்து வரிசையை உறுதி செய்துகொள்ளும்.

பால் தட்டில் இந்த வசதி கிடையாது. 24 சட்டப் படத்தை 25 ஆக வேகப்படுத்தி, ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு ஃபீல்டாக்கிவிடுகிறார்கள். திரும்பி வரும் ஃபீல்டே இல்லாததால் தேடிப் பிடிக்க அடையாளமும் இல்லை. அதனால்தான் என்டிஎஸ்சி தட்டில் அசத்தும் பிளேயர் பால் தட்டில் தடுமாறுகிறது. அமைப்பு மெனுவில் 'ஆட்டோ / ஃபிலிம் / வீடியோ' என்ற தேர்வு இருந்தால், பால் சினிமாத் தட்டுக்கு 'ஃபிலிம்' என்று கைமுறையாக வைத்துப் பாருங்கள். நுண்ணிய கோடுகள் நடுங்குவது சட்டென்று நிற்கும். தொலைக்காட்சி நிகழ்ச்சி, மேடைக் கச்சேரிப் பதிவு போன்றவற்றுக்கு மறுபடி 'ஆட்டோ'வுக்குத் திருப்பிவிட வேண்டும்.

அடுத்தது குரோமா பிழை. டிவிடியில் நிறத் தகவல் செங்குத்தாகப் பாதி அளவுதான் இருக்கிறது. இன்டர்லேஸ் செய்த சட்டத்துக்கும் முழுச் சட்டத்துக்கும் அதை விரிக்கும் முறை வேறு வேறு. தட்டில் சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் எம்பெக் டிகோடர் முறையை மாற்றிப் பயன்படுத்திவிட்டால், அடர் சிவப்பு நிறப் பொருளின் விளிம்பில் கிடைமட்டமாகச் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். ஆரம்ப கால விலை உயர்ந்த பிளேயர்கள் சிலவற்றிலும் இது இருந்தது. கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை டிகோடரிலேயே உருவாகிவிடுகிறது. 480ஐ (480i, ஃபீல்டுகளாகவே வரும் படம்) ஆக வெளியே எடுத்து, எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேலரிடம் (தெளிவளவை உயர்த்தும் தனிக் கருவியிடம்) கொடுத்தாலும் அது போகாது. நிறத்தைச் சற்று மங்கலாக்கி மறைக்கலாம், அவ்வளவுதான். பழைய பிளேயர் வாங்கும்போது சிவப்பு எழுத்துகள் உள்ள காட்சி ஒன்றைப் போட்டு, திரைக்கு அருகில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

எந்தத் தெளிவளவில் வெளியே எடுப்பது? பிளேயரின் சிப், டிவியின் சிப் இரண்டில் எது திறமையானதோ அதனிடம் வேலையைக் கொடுக்க வேண்டும். 480ஐ, 480பி (480p, முழுச் சட்டங்களாக வருவது), 1080பி மூன்றையும் ஒரே காட்சியில் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ வழியே 480ஐ அனுப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் இரட்டிக்கப்பட்டு 1440×480 ஆகத்தான் போகும். சில டிவிகள் இதை ஏற்காமல் 'சிக்னல் இல்லை' என்று காட்டும். பிளேயர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், 480பி வைத்தால் படம் வந்துவிடும். காம்பொனன்ட் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு உள்ள தட்டு என்றால் அந்த வழியில் 480பி அல்லது 576பிக்கு மேல் கிடைக்காது. உயர்த்திய தெளிவளவு எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்புள்ள எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ வழியாக மட்டும்தான்.

1080பி வைக்கும்போது நிறத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். டிவிடி, பிடி.601 என்ற நிறக் கணக்கில் பதிவானது. எச்டி படத்தை டிவி பிடி.709 கணக்கில் படிக்கும். பிளேயர் நடுவில் மாற்றிக் கொடுக்காவிட்டால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை கொஞ்சம் இருளும். சோதனைத் தட்டின் நிறப்பட்டைகளை 480பியிலும் 1080பியிலும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டிலும் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் 480பி-யிலேயே விட்டுவிடுங்கள். கூர்மையில் கொஞ்சம் போனாலும் முகங்களின் நிறம் சரியாக இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

கறுப்பு அளவும் இதே மாதிரி சிக்கல் தரும். 0 முதல் 255 வரையிலான அளவில் வீடியோவின் கறுப்பு 16, வெள்ளை 235. எச்டிஎம்ஐ வெளியீட்டை ஆர்ஜிபி என்று வைத்து, பிளேயரில் 'என்ஹான்ஸ்டு' (0-255), டிவியில் 'லிமிடெட்' (16-235) என்று முரணாக இருந்தால் இருட்டுக் காட்சிகளில் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். மாறாக இருந்தால் கறுப்பு சாம்பலாகும். ஆர்ஜிபிக்குப் பதில் ஒய்சிபிசிஆர் என்ற வெளியீட்டு வகையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இந்தக் குழப்பமே வராது.

இனி ஒலி. இங்கேதான் இந்தக் கருவிகளுக்குக் கொடுத்த பணம் தெரியும், இங்கேதான் அதிகம் வீணாவதும். எஸ்ஏசிடியின் டிஎஸ்டி (ஒரு பிட் டிஜிட்டல் பதிவு முறை) ஒலி ஆப்டிகல் கேபிளிலோ கோஆக்சியல் கேபிளிலோ வராது. டிவிடி-ஆடியோ அந்த வழியில் வந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்தே வரும். முழுத் தரம் வேண்டுமானால் மூன்று வழிகள்: 5.1 அனலாக் வெளியீட்டின் ஆறு ஆர்சிஏ கேபிள்கள், அந்தக் காலத்து ஐ.லிங்க், டெனான் லிங்க் போன்ற தனி இணைப்புகள், அல்லது எச்டிஎம்ஐ. எச்டிஎம்ஐயில் பதிப்பு முக்கியம். டிவிடி-ஆடியோவுக்கு 2004-இல் வந்த 1.1 போதும். டிஎஸ்டி அப்படியே போக 2005-இல் வந்த 1.2 வேண்டும். சில பிளேயர்கள் டிஎஸ்டியை 88.2 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மாக (சிடியிலும் உள்ள வழக்கமான டிஜிட்டல் ஒலி வடிவமாக) மாற்றி அனுப்பும். மாற்றுகிறதா என்று ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயரின்) முகப்பில் தெரியும் எண்ணே சொல்லிவிடும்.

அனலாக் வழியில் போனால் ஸ்பீக்கர் அளவு, தூரம், மட்டம் எல்லாவற்றையும் பிளேயரின் மெனுவில் வைக்க வேண்டும். பல ரிசீவர்கள் அந்த உள்ளீட்டை எதுவும் செய்யாமல் நேராக வால்யூமுக்கு அனுப்பிவிடும். ரிசீவரில் எவ்வளவு அளந்து வைத்திருந்தாலும் இங்கே பயன் இல்லை. ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வைத்தால் பாஸ் பிரித்து சப்வூஃபருக்குப் போகும். ஆனால் பல பிளேயர்கள் அந்தப் பிரிப்பைச் செய்ய டிஎஸ்டியை முதலில் பிசிஎம்மாக மாற்றிவிடும். முழு அலைவரிசை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 'லார்ஜ்' வைத்து மாற்றத்தைத் தவிர்க்கலாம். சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் 'ஸ்மால்' வையுங்கள். தூய்மையை நினைத்து பாஸையே இழப்பதில் பொருளில்லை. சப்வூஃபர் சோர்வாக ஒலித்தால் ரிசீவரின் அனலாக் உள்ளீட்டுப் பகுதியில் சப்வூஃபர் மட்டத்தை 10 டெசிபல் கூட்டும் தேர்வு இருக்கிறதா பாருங்கள். எல்எஃப்இ என்ற ஆழ்ந்த பாஸ் தடம் மற்றவற்றைவிட 10 டெசிபல் உயர்த்தி ஒலிக்கும் கணக்கில்தான் பதிவாகிறது; அனலாக் வழியில் அந்த உயர்வு பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன் அணைத்திருக்க வேண்டும். பிசிஎம்மை 48 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்கும் தேர்வும் அப்படியே. எஸ்ஏசிடி முன்னுரிமை 'மல்டி'யில் இருக்கிறதா, 'சிடி'யில் கிடக்கிறதா என்று பாருங்கள். டிவிடி-ஆடியோ தட்டுகள் பலவற்றில் டால்பி டிஜிட்டல் தடம் உள்ள ஒரு டிவிடி-வீடியோ பகுதியும் இருக்கும். பிளேயர் அதைப் படிக்கும் நிலையில் இருந்தால், நீங்கள் கேட்பது அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட் உள்ள சுருக்கிய ஒலிதான். முகப்புத் திரையில் டிவிடி-ஆடியோ குறி எரிகிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

இனி பழுதுகள். தட்டு படிக்கவில்லை என்றால் உடனே மூடியைக் கழற்றாதீர்கள், தட்டுகளை வைத்தே பாதி நோயறியலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் 650. சிடி நன்றாக ஓடி டிவிடி மட்டும் படிக்காவிட்டால் 650 டயோடு தளர்கிறது. சிடி அடுக்கும் சேர்ந்த ஹைபிரிட் எஸ்ஏசிடியைப் போட்டால் வெறும் சிடியாகப் பாடுவதும் அதே அறிகுறிதான். ஒற்றை அடுக்கு டிவிடி ஓடி, இரட்டை அடுக்கு மட்டும் திணறினாலும் லேசரைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ஒற்றை அடுக்கு 45 முதல் 85 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், இரட்டை அடுக்கு 18 முதல் 30 சதவீதம்தான். எதுவுமே படிக்காவிட்டால் லென்ஸ் அழுக்கு, சுழல் மோட்டார், ரிப்பன் கேபிள் என்று தேடுங்கள். தட்டு உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவதால், ஒற்றை அடுக்குத் தட்டின் கடைசிப் பகுதியில் மட்டும் நின்றால் லேசரும் லென்ஸும் உள்ள பிக்அப் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், அல்லது தட்டின் வெளி ஓரம் அழுக்காகவோ வளைந்தோ இருக்கலாம்.

லென்ஸைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத பஞ்சுக்குச்சி. குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தாமல் வட்டமாகத் தடவி உலர விடுங்கள். அதன் பிறகும் படிக்காவிட்டால் பிக்அப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிக்அப்பில் இருக்கும் ப்ரீசெட் என்ற குட்டித் திருகு மின்தடையைத் திருகி லேசர் மின்னோட்டத்தைக் கூட்டும் வித்தை இணையம் முழுக்க இருக்கிறது. தளர்ந்த டயோடு சில நாள் பளிச்சென்று ஓடிவிட்டு ஒரேயடியாகப் போய்விடும், செய்யாதீர்கள். புதிய பிக்அப்பில் நிலைமின்சாரப் பாதுகாப்புக்காக ஒரு சொட்டு சால்டர் வைத்து இரு முனைகளை இணைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தச் சால்டரை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புது பிக்அப்பும் படிக்காது, முன்னதாகவே எடுத்தால் கை பட்டே டயோடு சாகலாம்.

டிரே பாதியில் நிற்பது பெல்ட். ஆல்கஹாலால் பெல்ட்டையும் புல்லியையும் துடைத்தால் கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு புதிய பெல்ட்தான். பழையது நீண்டிருக்கும் என்பதால் அளவெடுத்ததில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். டிரேயைக் கையால் தள்ளி மூடும் பழக்கம் பெல்ட்டோடு பல்சக்கரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

பவர் போட்டும் உயிர் வராமல் இருப்பது, முகப்பு எழுத்து மங்குவது, தட்டு சுழல ஆரம்பித்ததும் தானே அணைவது எல்லாம் பவர் சப்ளை பலகையின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். தலை உப்பியவை கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் கெட்டிருக்கும் என்பதால் ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) மீட்டரில் அளப்பது நல்லது. மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதே, வோல்ட் அதே அல்லது சற்று மேல், 105 டிகிரி ரகம், குறைந்த ஈஎஸ்ஆர். முதன்மைப் பக்கத்துப் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரால் அளந்து, மின்தடை வைத்து இறக்கிய பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கெபாசிட்டர் சீக்கிரம் சாகக் காரணம் சூடு, ஆகவே பிளேயரை ஆம்ப்ளிஃபயர் மேல் அடுக்கவே கூடாது.

பழையது வாங்குகிறவர்கள் ஒரு சிடி, ஒரு இரட்டை அடுக்கு டிவிடி, ஒரு ஹைபிரிட் எஸ்ஏசிடி மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். டிவிடியில் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவுங்கள், பிறகு நடுவில் அடுக்கு மாறும் இடத்தை ஓட விடுங்கள். சூடேறிய பிறகே வெளிவரும் கோளாறுகள் உண்டு என்பதால் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். பிளேயரின் மண்டலக் குறியீடு (எந்த நாட்டுத் தட்டுகளைப் படிக்கும் என்பதைக் குறிப்பது) உங்கள் தட்டுகளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அசல் ரிமோட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான பிளேயர்களில் அமைப்பு மெனுவுக்கு முகப்புப் பொத்தான்களால் போகவே முடியாது. மேலே சொன்ன அமைப்புகள் எல்லாம் அந்த மெனுவுக்குள்தான் இருக்கின்றன.