பருப்பும் பேளேயும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து பெங்களூருவின் அல்சூருக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு 4 வயது, எனக்கு 39, அம்மாவுக்கு 66. மூவருக்கும் கன்னடம் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மொழியை, ஒரே நாளில் தொடங்கி மூவரும் கற்ற விதம் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தது.

மகள் கற்றதை நாங்கள் பார்க்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்தவள், ஆறேழு மாதங்களில் அவர்களோடு கன்னடத்தில் சண்டை போடத் தொடங்கியிருந்தாள். இலக்கணம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நானோ விதியைத் தேடினேன். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பணம் ஹண. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்று அறிந்த அன்று, பாதிக் கன்னடம் கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன். அந்த மிதப்பில் மளிகைக் கடைக்குப் போய் அரைக் கிலோ 'ஹருப்பு' கேட்டேன். கடைக்காரர் அலமாரியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பா, அது பேளே" என்றாள் மகள். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததை எட்டுவதுதான் நடுவயதுக்காரனின் பலம். வழுக்கி விழுவதும் அதே இடத்தில்தான்.

உச்சரிப்பில் என் நிலை இன்னும் மோசம். தமிழில் ஒரே பகரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய எனக்கு, கன்னடத்தின் நான்கு பகரங்களில் மூச்சோடு வரும் இரண்டும் இன்றுவரை வசப்படவில்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலானவை அத்திறனை இழந்திருந்தன. ஆனால் 4 வயதில் வந்த என் மகளுக்கு அந்த மூச்சொலி தடையின்றி வருகிறது என்பதால், கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை போலும். மொழியைக் குறிக்கும் 'பாஷே' என்ற சொல்லையே நான் தப்பாகச் சொல்கிறேன் என்று திருத்துகிறாள்.

அம்மாவுக்குப் பேச்சில் அக்கறை இல்லை. காய்கறிக்காரர்கள் எல்லோரும் தமிழ் பேசும் அல்சூரில் அதற்குத் தேவையும் இல்லை. அவருக்கு எழுத்துதான் வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை, கழுவிய நந்தினி பால் உறையை மேசையில் விரித்து வைத்து, "இதுல 'ந்' எங்கடா போச்சு?" என்று கேட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரிந்ததால், கன்னட எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்திருக்கிறார். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே குடும்பம் என்றும், பின்னிரண்டு எழுத்துகளின் தலையில் இருக்கும் வளைவு இகரம் என்றும் அவரே கண்டுபிடித்துவிட்டார். மிச்சமிருந்தது, முதல் எழுத்தின் பக்கத்தில் இருந்த சிறு வட்டம் மட்டும். அதுதான் அவர் தேடிய மெய்யெழுத்து என்று சொன்னபோது, "ஒரு சுழியில முடிச்சிட்டானா!" என்று வியந்தார்.

அதன்பின் தீப்பெட்டி, மாத்திரை அட்டை, கோயில் பலகை என்று ஒரு நாளும் விடாமல் படித்தார். மறதி மிகுந்த வயதில் திரும்பத் திரும்பப் படிப்பது ஒன்றுதான் வழி என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சென்ற மாதம் சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். வந்து நின்ற பேருந்தின் பலகையை நான் ஆங்கிலத்தில் பார்க்க முயன்றபோது அம்மா கையால் தடுத்துவிட்டு, கன்னடத்தில் 'ஹ... ல... சூ...' என்று கூட்டத் தொடங்கினார். 'ரு' வருவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. அது எங்கள் பேருந்துதான்.