புகையிலையோடு பாக்கையும் விடுங்கள்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று சேர்த்துப் போட்டுப் பழகியவர்கள் விட நினைக்கும்போது, புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பாக்கு வாயில் பட்டதுமே நாக்கு புகையிலையைத் தேடும். அதோடு பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வாயின் உள்தோல் இறுகி, நாளடைவில் வாயே திறக்க முடியாமல் போவதற்கும் முக்கியக் காரணம் அதுதான். புகையிலை இல்லாத பான் மசாலாவுக்கு மாறுவதும் இதே கதைதான்.

சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, புகையிலையில் அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின் கன்னத்தோல் வழியாகச் சட்டென்று இரத்தத்தில் இறங்க வழி செய்கிறது. "சுண்ணாம்பு குறைஞ்சா ஏறாது" என்பது வெறும் நாக்கு ருசி இல்லை. விடுவதற்கு முந்தைய வாரத்தில் புகையிலையோடு சுண்ணாம்பையும் குறைத்துவிட்டால், அந்த ஏற்றம் மட்டுப்படும், முழுதாக விடும் நாளின் அதிர்ச்சியும் குறையும்.

விடும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நிறுத்த வேண்டியது, இரவில் கொடுப்பில் (கன்னத்தின் உள்பக்கம்) அடக்கிக்கொண்டே தூங்கும் பழக்கம். அடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் இடையிலுள்ள நேரத்தை அரைமணி அரைமணியாக நீட்டுங்கள். காலையில் போடும் முதல் வாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் நிக்கோட்டின் இறங்கிப்போயிருப்பதால் அதை விடுவதுதான் கடினம். பலருக்கு அது போட்டால்தான் வெளிக்கே போகும். குடலைத் தூண்டுவது நிக்கோட்டின்தான் என்பதால் விட்டதும் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி இசப்கோல், சாப்பாட்டில் கீரை என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவர்கள் மூன்றாம் நாளே பொட்டலத்தைத் தேடுவார்கள்.

தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு வறுத்த கொத்துமல்லி விதை, சோம்பு, ஏலக்காய், உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லி வற்றல் கைவசம் இருக்கட்டும். கிராம்பை அளவோடு வையுங்கள், அதிகமானால் வாய் வெந்துபோகும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் கம் நன்றாக வேலை செய்யும். ஆனால் பீடா மென்ற வாய் அதையும் பீடா போலவே மெல்லும், சிக்கல் அங்கே. அரைத்து அரைத்து மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் விறுவிறுப்பு தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கொடுப்பில் அடக்குங்கள். விறுவிறுப்பு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, வேறு பக்கம் அடக்கு. ஒரு கம் அரைமணி நேரம் வரும். அதற்குக் கால்மணி முன்பிருந்தே காபி, எலுமிச்சைச் சாறு, சோடா கூடாது. புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் தோலில் இறங்காது. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று குறைக்க வேண்டும். எழுந்த அரைமணிக்குள் புகையிலை போடுகிறவர்களுக்கு 2 மி.கி. போதாமல் போகலாம், 4 மி.கி. பற்றி டாக்டரைக் கேளுங்கள். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எதைத் தொடங்கும் முன்பும் கேட்டே ஆக வேண்டும். வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு கம்மைவிடத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டை வசதி.

பல்வலிக்காகப் புகையிலை அடக்கத் தொடங்கியவர்களுக்கு விட்டதும் அந்த வலி திரும்பலாம். அதனால் தேதிக்கு முன்பே பல் டாக்டரிடம் போய்ச் சொத்தையை அடைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே கொடுப்பையும் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டுகளோ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலும், மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடியாத அளவுக்கு வாய் சுருங்கியிருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதிகம் பேர் கவனிப்பதில்லை.