புதுப்புளி படத்தில் கறுக்காமல் இருக்க: வீட்டு ஜன்னல், வேட்டி, ஒரு கல் துண்டு

புளியைப் படம் எடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. தருமபுரியில் அக்கா வீட்டிலிருந்தே புளி, சாமை, ராகி மாவு, கொள்ளு, சீசனில் மாங்காய்த் தொக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில் விற்கிறார், படம் எடுப்பது என் வேலை. மாசி பங்குனியில் வருகிற புதுப்புளி நேரில் செம்பழுப்பாக, லேசான ஈர மினுமினுப்போடு இருக்கும். அதையே ராத்திரி டியூப்லைட்டில் போனில் எடுத்தால் கறுத்துப் போய்த் தெரியும். நாளாக ஆகப் புளி கறுக்கும் என்பது இந்தப் பக்கம் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும், அதனால் படத்தைப் பார்த்ததும் "போன வருஷத்துப் புளியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனவே படம் அழகாக வருவது எல்லாம் எனக்கு அப்புறம்தான், இருக்கிற நிறம் இருக்கிறபடி வர வேண்டும்.

புது கேமரா எதுவும் வாங்கவில்லை, அக்காவின் போன்தான். ஸ்டேஷனரி கடையில் தெர்மாக்கோல் ஷீட், கறுப்பிலும் வெள்ளையிலும் சார்ட், கொஞ்சம் பைண்டர் கிளிப், அதோடு போன் மாட்டுகிற ஒரு சின்ன டிரைபாட், அவ்வளவுதான் செலவு. கீழே வைக்க மட்டும் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தில் ஓரமாகக் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பாலிஷ் போட்ட பக்கம் மேலே இருக்கிற ஃபேன் வரை எல்லாவற்றையும் காட்டிவிடும், ஆகவே கல்லைத் திருப்பிப் போட்டுச் சொரசொரப்பான பக்கத்தில்தான் எடுக்கிறேன். சாமை, புளி, கொள்ளு மூன்றுக்குமே அந்தச் சாம்பல் நிறம் நன்றாக ஒத்துப்போகிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறைய நேரம் செலவானது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, அங்கே எடு என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். குளிர்நாடுகளுக்கு அது சரி, நம் ஊருக்கு வருஷம் முழுக்கப் பொருந்தாது. தருமபுரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது, அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியனே தலைக்கு மேலிருந்து வடக்கே கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் உள்ளே வந்துவிடும். தொக்கு போடுகிற காலமும் சரியாக அதுதான். அந்த மாதங்களில் ஜன்னலுக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளை வேட்டியை ஒரு மடிப்பாகக் கட்டி பைண்டர் கிளிப் போட்டுவிடுகிறேன். வெயில் துணியில் பட்டுப் பரவி, ஜன்னல் முழுக்க ஒரே பெரிய விளக்காகிவிடும், நிழலின் ஓரமும் மென்மையாகிவிடும். பொருளை ஜன்னலுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவு மென்மை கிடைக்கும். வேட்டி நீலம் போட்டுத் துவைத்ததாக இருக்கக் கூடாது, படத்தில் லேசாக நீலம் ஏறும். கரையையும் மடித்து உள்ளே விட்டுவிட வேண்டும்.

சுவரையும் கவனிக்க வேண்டும். அக்கா வீட்டு ஹாலில் பச்சை பெயிண்ட், அது திருப்பி அனுப்புகிற வெளிச்சத்திலும் பச்சை கலந்திருக்கும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாக்கோலை நிறுத்தியதும் அந்தப் பச்சை மறைந்தது, நிழல் பக்கமும் கொஞ்சம் தெளிந்தது. வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் எடுப்பேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், வீட்டில் போடுகிற வெள்ளை எல்இடி பெரும்பாலும் 6500, இரண்டும் கலந்தால் போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறும். அந்தக் கலப்பில் ராகி மாவு சிமெண்ட் மாதிரி வரும், அதை யார் வாங்குவார்கள்?

புளிக்கு வெளிச்சம் முன்னாலிருந்து வரக் கூடாது, இதைக் கண்டுபிடித்ததுதான் பெரிய சந்தோஷம். ஜன்னல் புளிக்குப் பின்னால் ஒரு பக்கமாக இருக்கும்படி கல்லைத் திருப்பி வைத்து, தோசை மாதிரி தட்டையாக அமுக்கி வைத்த தோசைப்புளியில் ஒரு துண்டைக் கையால் பிய்த்து, பிய்த்த முகம் போனைப் பார்க்கும்படி வைத்தேன். ஓரத்தில் சதை மெல்லியதாக இருக்கிற இடத்தில் வெளிச்சம் ஊடுருவி அந்தச் சிவப்பு அப்படியே எழுந்து வந்தது, நார் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. முன்பக்கம் ஒரு சின்ன வெள்ளை அட்டை வைத்தால் போதும். அக்கா பார்த்துவிட்டு, "இப்பத்தான்டா நம்ம புளி மாதிரி இருக்குது" என்றார். சாமைக்கும் இதே பக்க வெளிச்சம்தான், மணி மணியாகத் தெரியும். மாவுக்கு மட்டும் கரண்டியால் மேலே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நிழல் விழ இடமே இருக்காது.

போனில் செய்வது கொஞ்சம்தான். லென்ஸைத் துடைத்துவிட்டு, மூன்று நான்கு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுக்கிறேன், கிட்டப் போய் வைட் லென்ஸில் எடுத்தால் பாட்டிலின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும். திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய்தபின், அடர் சாம்பல் கல்லில் வைத்த பொருளுக்குத் திரையில் வருகிற வெளிச்ச அளவுக் கோட்டைக் கீழே இறக்குவேன், வெள்ளை சார்ட்டில் வைத்ததற்கு மேலே ஏற்றுவேன். போன் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால்தான் இந்த எதிர்த் திருத்தம். அப்புறம் மூன்று விநாடி டைமர்.

தொக்கு பாட்டில் வேறு ரகம். கண்ணாடி வளைவில் ஜன்னலும் வரும், என் சட்டையும் வரும். ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் பாட்டிலுக்கு அழகு, மற்றதையெல்லாம் கறுப்பு சார்ட்டை வைத்து மறைக்கிறேன். பாட்டிலை விடச் சற்றுச் சின்னதாக வெட்டிய வெள்ளை அட்டையைப் பாட்டிலுக்குப் பின்னால், படத்தில் தெரியாதபடி சாய்த்து வைத்தால் மேலே நிற்கிற சிவந்த எண்ணெய் ஒளிரும். இந்த அட்டையின் சாய்வைப் பிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

அமேசானில் போடுகிற எண்ணமும் அக்காவுக்கு உண்டு. அங்கே முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்திலும் உச்ச அளவான 255 என்று இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். அதற்காக வெள்ளை சார்ட்டைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டி எடுத்து, ஸ்னாப்சீட் என்ற படம் திருத்துகிற ஆப்பில் மிச்சத்தைச் சரிசெய்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுவேன், எடை, தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் வாங்குகிறவர்கள் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. படங்களை எனக்கும் அக்காவுக்கும் இடையே டாக்குமெண்டாகத்தான் அனுப்பிக்கொள்கிறோம், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

இன்னும் கைக்கு வராதது ஜிப் பவுச். உள்ளே நிறைய நிரப்பி நிமிர்த்தினாலும் பிளாஸ்டிக்கில் எங்காவது ஒரு பளபளப்பு எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை ஜன்னலை இன்னும் பக்கவாட்டாக்கி, வேட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன். மாலையில்தான் அக்காவுக்கு நேரம் கிடைக்கிறது என்பதால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி ஒன்றும் வாங்க வேண்டும், அதில் புளியின் சிவப்பு நிற்கிறதா என்று பகல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.