ஏற்காட்டில் காபி பூத்த காலையும் ஒரு சோவியத் லென்ஸும்

நேற்று இரவுதான் ஏற்காட்டிலிருந்து திரும்பினேன். செலவுக் கணக்கோடு வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் காபிப் பூதான் கண்ணுக்குள் நிற்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடை மழை பெய்து சில நாள் கழித்துக் காபிச் செடி ஒட்டுமொத்தமாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நான் போன காலையில் தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் எதிரில் இறங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் நின்றவரிடம் கேட்டேன். "அண்ணா, ஓரமா நின்னு படம் எடுத்துக்கட்டுமா?"

"எடுங்க தம்பி, செடிய மட்டும் உலுக்கிடாதீங்க."

கையில் சோனி ஏ6000 கேமரா. அதில் ஹீலியாஸ் 44-2, சோவியத் காலத்து 58 எம்எம் லென்ஸ், முழுக்க உலோகம். அதைக் கேமராவில் பொருத்தும் வளையமான அடாப்டரோடு சேர்த்து 4,700 ரூபாய் ஆனது. புது போர்ட்ரெயிட் லென்ஸ் விலையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இதுவே பெரிய நிம்மதி. இது எம்42 என்ற திருகு மவுண்ட் லென்ஸ். இதற்கு மவுண்டிலிருந்து (லென்ஸ் பொருந்தும் வாய்) சென்சார் (படம் பதியும் சில்லு) வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும், சோனியில் 18 மி.மீ.தான். மிச்சத்தை ஒரு வெற்று வளையமே நிரப்பிவிடும். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. இருப்பதால் அடாப்டர் நடுவில் இன்னொரு லென்ஸ் கண்ணாடி வைக்காமல் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது. அந்தக் கண்ணாடி அடாப்டரை வாங்காதீர்கள், படத்தைக் கெடுக்கும்.

இந்தப் பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது, அதனால் கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்பதை மறக்காமல் மாற்றுங்கள். ஃபோகஸ் பீக்கிங் வைத்தால் கூர்மையான விளிம்பில் நிறம் ஒளிரும். ஆனால் லென்ஸ் துவாரத்தை முழுக்கத் திறந்த எஃப்2-இல் அதை மட்டும் நம்பக்கூடாது, பெரிதாக்கிப் பார்த்தே அழுத்த வேண்டும். ஒரு பூங்கொத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் இதழில் எறும்பு ஏறுவதையே கவனித்தேன். பின்னால் இலை இடுக்கு வெளிச்சமெல்லாம் வட்டவட்டமாகச் சுழன்று நின்றது. என் கேமராவின் சிறிய சென்சார் ஓரத்தை வெட்டிவிடுவதால் முழுச் சுழல் வராது. வந்த வரைக்கும் அப்படி ஓர் அழகு!

இனி எரிச்சல். ஏரிக்கரையிலிருந்து பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனைக்குப் போய்வர ஆட்டோவில் 500 என்று பேசி ஏறினேன். திரும்பி வந்ததும் காத்திருந்ததற்கு 300 சேர்த்துக் கேட்டார். முன்னாலேயே சொல்லியிருந்தால் நடந்தே போயிருப்பேன். வாக்குவாதம் பண்ணி 600-இல் முடித்தேன். அன்று நான் ஒதுக்கியிருந்த சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது. சரி, நீங்கள் ஏறும்போதே காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பகோடா பாயிண்ட்டில் படமும் சுமார்தான். பனிமூட்டத்தில் இந்த லென்ஸ் வெளிறிப்போகிறது. உள்ளங்கையை மேலே குடைபோலப் பிடித்தபிறகு கொஞ்சம் தேறியது. ஈரத்தில் அலைந்த லென்ஸை வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டுவிட்டேன், பூஞ்சை பிடித்தால் தொலைந்தது.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்தபோது நல்ல பசி. தட்டுவடை செட் இரண்டு தட்டு. பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு சட்னி, நடுவில் நொறுங்கும் தட்டுவடை. வண்டிக்கடை பல்பு வெளிச்சத்தில் அதையும் எஃப்2-இல் எடுத்தேன். கடைக்கார அக்கா திரையில் பார்த்துவிட்டு, "வாட்ஸப்புல அனுப்புங்க தம்பி" என்றார். அனுப்பிவிட்டேன்.